பிரசாதம் என்று சொன்ன பெட்டி

என் அக்கா புற்றுநோயால் செத்தாள் என்று ஊரில் சொல்வார்கள். வெட்கத்தால் செத்தாள் என்று நான் சொல்வேன். மாசக்கணக்கில் மலத்தோடு ரத்தமாகப் போயிருக்கிறது, யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் கண்டுபிடித்துக் கேட்டபோதும், "சூடுடி, மோர் குடிச்சா சரியாயிடும்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெருங்குடலில் இருந்த கட்டி ஈரல் வரைக்கும் பரவியிருந்தது.

காரியம் முடிந்ததும் அக்காவைப் பார்த்த டாக்டர் என்னை வரச் சொன்னார். கூடப்பிறந்தவளுக்கு வந்ததால் நானும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "பின்பக்கமா கேமரா விட்டுப் பாக்கறதுதான் சரிங்கம்மா" என்றார். அடக் கடவுளே! நான் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"சரி, அதுக்கு ஒத்துக்க மாட்டேங்கறீங்க. இதையாவது பண்ணுங்க" என்று வேறொன்று சொன்னார். குடலின் உள்பக்கத்திலிருந்து தினமும் செல்கள் உதிர்ந்து மலத்தோடு வருமாம். கெடத் தொடங்கிய செல்லாக இருந்தால், அதன் டி.என்.ஏ.வில் சில இடங்களில் மெத்தில் என்றொரு ரசாயனக் குறி ஜாஸ்தியாக ஒட்டியிருக்குமாம். வலி, ரத்தம் எதுவும் தெரியாத காலத்திலேயே அந்தக் குறியைப் பல பேருக்குக் கண்டுபிடித்துவிடலாமாம். "குறி இருக்குனு வந்தா அப்புறம் கேமராதான். ஏற்கெனவே ரத்தம் போறவங்க இதுக்குக் காத்திருக்கவே கூடாது, நேரா கேமராதான்" என்றும் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சென்னை லேபிலிருந்து டப்பாவும், எடுத்துப் போடுவது கெடாமலிருக்க மருந்துத் தண்ணீரும் அட்டைப் பெட்டியில் வந்தன. எடுத்த கதையை மட்டும் கேட்காதீர்கள். நான் கோயிலுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள். இந்தக் கையால்தான் மாவு ஊற்றுகிறேன், சட்னி அரைக்கிறேன். ஒருத்தருக்குத் தெரிந்தாலும் போச்சு, கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். லேபின் சீட்டு தெரியாதபடி பெட்டிக்குமேல் பழுப்புத் தாளைச் சுற்றி, விலாசத்தை மட்டும் எழுதி, கூரியர் ஆபீசுக்கு எடுத்துப்போனேன்.

அங்கே உட்கார்ந்திருப்பவள் என்னைவிடச் சின்னவள், சாயங்காலம் என் கடையில்தான் இட்லி வாங்குவாள். பௌர்ணமிக்குக் கோயிலுக்கு வந்தவர்கள் ஊருக்குச் சாமான் அனுப்ப வரிசையில் நின்றார்கள்.

"உள்ள இன்னாக்கா?" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாய் தானாகச் சொன்னது: "பிரசாதம்."

பாவி, அவள் எழுந்தே நின்றுவிட்டாள். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்ற பார்சல்களோடு போடாமல், மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"எங்க வூட்டுக்காரருக்கும் சேத்து வேண்டிக்கினேன்க்கா" என்றாள் குரலைத் தாழ்த்தி. "மாசக்கணக்கா ரத்தமா போவுது. சூடுன்றாரு. டாக்டராண்ட வர மாட்டேன்றாரு."

ரசீதை வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். தேரடி முனை வரைக்கும் வந்திருப்பேன். சூடு, சூடு என்று அக்கா குரலிலேயே கேட்டது. அந்தப் பெண்ணின் புருஷனுக்கும் அதே சொல்தான் கிடைத்திருக்கிறது. நான் என்ன ஜென்மம் என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

வரிசையைத் தாண்டிப் போய், "அந்தப் பெட்டிய எடு" என்றேன். மேலே சுற்றிய தாளைக் கிழித்து லேபின் சீட்டைக் காட்டினேன். "பிரசாதம் இல்லம்மா. என் மலம். டெஸ்டுக்குப் போவுது. பொய் சொல்லிட்டேன்."

அவள் கை அப்படியே நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். சிரித்தவர்களைத் திரும்பிப் பார்க்காமல் அக்கா கதையையும் டாக்டர் சொன்னதையும் கொட்டித் தீர்த்தேன்.

"உங்களுக்கும் ரத்தம் வருதாக்கா?"

"எனக்கு வரல. வர்றதுக்கு முன்னாடியே பாக்கறதுதான் இது."

"அப்ப, அவருக்கு வந்துடுச்சே" என்றாள்.

மூல வியாதியாகவும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் யாருக்கும் தெரியாது, உடனே கேமரா விட்டுப் பார்க்கச் சொல் என்றேன்.

"நீங்க அத பண்ணிக்கினீங்களா?"

"இல்ல. வெக்கமா இருந்துச்சி. அதான் இந்தப் பெட்டி" என்றேன்.

"அவருக்கும் அதேதான்க்கா" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை. பெட்டியை மற்ற பார்சல்களோடு வைத்துவிட்டு, செல்போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் குரல் கேட்டதும் போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

வாங்கினேன். "தம்பி, நான் இட்லிக் கடை அக்கா பேசறேன். உங்களுக்கு ரத்தம் போவுதாமே. எங்க அக்காவுக்கும் அப்படித்தான் போச்சு, சொல்லாமலே செத்துட்டா. பின்பக்கமா கேமரா விட்டுப் பாக்கணும். எனக்கும் பாக்கணும்னுதான் டாக்டர் சொன்னாரு, நான்தான் மாட்டேன்னு ஓடிவந்துட்டேன். நீங்க வந்தா நானும் வரேன்."

வரிசை முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. முகம் எரிந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எப்பக்கா போவணும்?" என்றார்.