மருந்து குடித்த தரை

எங்கள் வீட்டில் விஷம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கத்தரிச் செடிக்கு அடிப்பதும் மருந்துதான், காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்துதான். இது தெரிந்தால்தான் ஆறு வயதில் நான் செய்து வைத்த காரியம் புரியும்.

கண்டனூர்ப் பக்கம் எங்கள் ஊர். சாமான் அறையில் ஒளிந்து விளையாடும்போது அப்பாவின் மருந்துப் புட்டியைக் காலால் இடறிக் கவிழ்த்துவிட்டேன். அடி விழுமே என்று பதறி, தண்ணீரும் விளக்குமாறுமாக ஓடி வந்தேன். அதற்குள் சிமெண்டுத் தரை பாதியைக் குடித்துவிட்டது. மீதியைத் தேய்த்துத் தள்ளினேன். புட்டியில் பழைய அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடியும் வைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்! மறுநாள் தரையில் பொட்டு ஈரம் இல்லை.

அந்த இடத்தில்தான் அம்மா தவிட்டு மூட்டையை இறக்கினாள். மூட்டையின் அடித்தவிட்டைத் தின்ற அன்று எங்கள் பசு நுரை தள்ளி விழுந்து செத்தது. “விஷம் தின்னுருக்கு” என்றார் மாட்டு டாக்டர். அப்பா உள்ளே போய்ப் புட்டியைத் தூக்கிப் பார்த்தார். குறையவில்லை. விஷம் வேறு, மருந்து வேறு என்றிருந்த எனக்கு, கொட்டியதில் பிடிபடவில்லை என்பதுதான் பெரிதாக இருந்தது.

பக்கத்து வயல் சித்தப்பாவுடையது. முந்தின வாரம்தான் பசு அவர் கடலையை மேய்ந்து, அவர் சத்தம் போட்டிருந்தார். அப்பா நேரே அவர் வாசலுக்குப் போய் நின்றார்.

“அண்ணே, வாயில்லாச் சீவனுக்கு வெசம் வைப்பேனா? நீங்களா இப்படிக் கேக்குறீக?”

சித்தப்பா உள்ளங்கையில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தார். கை கொப்பளித்துவிட்டது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மாதமே சித்தப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு தேவகோட்டைக்குப் போய்விட்டார்.

ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி அந்தத் தரை நனைந்தது. அம்மா மூக்கைச் சுளித்தாள்.

“என்னடி இது, மருந்து நாத்தம்?”

“நாந்தேன் கொட்டுனேன். அன்னைக்கே காஞ்சிருச்சும்மா.”

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூட்டை இருந்த இடத்தையே பார்த்தாள். பிறகு என் வாயைப் பொத்தினாள். “அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது.”

பாவி, எனக்கு ஒரே சந்தோஷம். அடி விழவில்லையே! விளையாட ஓடிவிட்டேன். சித்தப்பா வீட்டுத் திண்டுக்கல் பூட்டு அந்த மழையில் துருப்பிடித்துத் தொங்கியது. அதைத் திறக்க வைக்கும் சொல் என்னிடம்தான் இருந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.