தம்பிக்காக முகர்ந்த பீர்

எனக்கு நாற்பத்தேழு வயதானபோதுதான் முதல்முறையாகப் பீர் குடித்தேன். பாண்டிச்சேரியில், பட்டப்பகலில், தம்பியின் எதிரே உட்கார்ந்து. ஆசைப்பட்டுக் குடிக்கவில்லை. அவனுக்கு வாசனை தெரியாமல் போயிருந்தது. அவனுக்குப் பதிலாக யாராவது முகர்ந்து சொல்ல வேண்டியிருந்தது.

தம்பி என்னைவிடப் பத்து வயது இளையவன். தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுப் பெங்களூருக்குப் போனவன், அங்கே ஒரு மதுக்கூடத்தில் பீர் காய்ச்சும் வேலையில் சேர்ந்தான். பெரிய ஆலையிலிருந்து பாட்டிலில் வருகிற சரக்கு இல்லை அது. கடைக்குள்ளேயே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் சில எஃகுத் தொட்டிகளை வைத்து, அங்கேயே காய்ச்சி, புளிக்கவைத்து, குழாயில் பிடித்துக் கொடுப்பார்கள். அந்த வேலையில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நன்னிலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அப்பா மட்டும் யார் கேட்டாலும் "ஜூஸ் கம்பெனி" என்று சொல்லிவைத்திருந்தார். "பின்ன என்னன்னு சொல்லச் சொல்ற? எம்புள்ள சாராயம் காய்ச்சுறான்னா?" என்பார் என்னிடம்.

தொற்றுக்காலம் முடிந்து எல்லோரும் அதை மறந்துபோன பிறகு தம்பிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது. வாசனை திரும்பவில்லை. காய்ச்சுகிறவன் தினமும் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் பிடித்து முகர்ந்து, ருசித்துப் பார்க்க வேண்டும். அதுதான் வேலையில் பாதி. தம்பி யாரிடமும் சொல்லாமல், பழைய பழக்கத்தையும் நாக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு சமாளித்துப் பார்த்திருக்கிறான். ஒரு சனிக்கிழமை கெட்ட வெண்ணெய் வாடை அடிக்கிற பீர் அவன் சரி சொன்ன தொட்டியிலிருந்து மேசைகளுக்குப் போய்விட்டது. கூட்டம் நிறைந்த கடையில் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கிளாஸைத் திருப்பி அனுப்ப, இவன் அதே பீரை எல்லார் முன்னாலும் குடித்துக் காட்டி "நல்லாத்தானே இருக்கு" என்றிருக்கிறான். அதற்குப் பிறகு அங்கே அவன் இருக்க முடியவில்லை.

ஒரே ஒரு பையோடு ஊருக்கு வந்து சேர்ந்தான். அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்த்தார், மகள் கல்லூரி விடுதியில். அதனால் நான் அப்பாவோடு இருந்துகொண்டு, திருவாரூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேதியியல் ஆசிரியையாகப் போய்வந்துகொண்டிருந்தேன். தஞ்சாவூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அவனைக் கூட்டிப்போனேன். "நரம்பு விஷயம்மா. வரலாம், வராமலும் போகலாம்" என்றார் அவர். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் தைலம் இவற்றைத் தினமும் முகரச் சொன்னார். நான் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு வைத்தேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவன் கண்ணை மூடிக்கொள்வான், நான் ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டுவேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. காத்துதான் வருது."

வாரக்கணக்கில் காற்றுதான் வந்தது. ஊசிப்போன சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டான். சட்டையை மோந்து பார்க்க முடியாததால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்தான். தன் மேல் வாடை அடிக்கிறதோ என்று அவனுக்கு எப்போதும் ஒரு பயம். ஒரு சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது வீடு முழுக்க கேஸ் நெடி. பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. அவன் கூடத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வாசலுக்கு அவனை இழுத்துக்கொண்டு வந்தேன். என்ன நடந்தது என்று அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். வேலை போனபோதுகூட அழாதவன்.

அதற்கு அடுத்த வாரம்தான் கேட்டான். "அக்கா, பாண்டிச்சேரியில இப்ப நாலஞ்சு எடத்துல சின்ன அளவுல பீர் போடுறாங்க. எங்கூட வர்றியா? ரோஜாவும் கிராம்பும் எனக்கு யாரோ மாதிரி. பீருன்னா ஒருவேளை மூக்குக்கு ஞாபகம் வரும்."

"நான் எதுக்குடா?"

"எனக்கு ஏதோ தெரியுற மாதிரி இருந்தா, அது நெசமா, நானா நெனச்சுக்கறேனான்னு சொல்ல ஒரு ஆளு வேணும்."

அப்பாவிடம் வேறொரு டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக்காலுக்குப் போய் அங்கிருந்து பாண்டிச்சேரி பஸ் பிடித்தோம். கடைக்குள் போய் உட்கார்ந்ததும் பணியாளர் தம்பியிடம் மட்டும் ஆர்டர் கேட்டுவிட்டு, "மேடத்துக்கு லைம் ஜூஸ்?" என்றார். "அவங்களுக்கும் அதேதான்" என்றான் தம்பி. எனக்கு முகம் சுட்டது. தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன்.

நீளமான ஒரு மரப்பலகையில் குழி வெட்டி, அதில் சின்னச் சின்ன கிளாஸ்களாக ஐந்து வகை வந்தன. வைக்கோல் நிறத்திலிருந்து தார் நிறம் வரை. கிளாஸைச் சுழற்றி, அதன் வாயை உள்ளங்கையால் மூடி, திறந்த உடனே குட்டிக் குட்டியாக மூச்சிழுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். முதலில் அவன் செய்தான். கண்ணை மூடி வெகுநேரம் அப்படியே இருந்தான். பிறகு கிளாஸை என் பக்கம் தள்ளினான்.

கலங்கலாக இருந்தது அது. "கனிஞ்ச பூவம்பழம் மாதிரி இருக்குடா. கூடவே... கிராம்பு போட்டுருக்காங்களா?"

மேசையில் தட்டினான். "போடல! யாரும் எதுவும் போடல. அது கோதுமை பீர். ஈஸ்ட் பண்ற வேலை அது. சரியாச் சொல்லிட்டக்கா!" பல மாதங்களுக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்ததில் எனக்கு நாரத்தங்காய்த் தோல் வந்தது. கறுப்பு பீரில் காப்பிக்கொட்டை வறுக்கிற கடை. வெளிறிய ஒன்றில் எதுவுமே இல்லை, லேசாக ஈர வைக்கோல் மாதிரி, அவ்வளவுதான் என்றேன். "அது மால்ட்டுக்கா. நாத்தங்காலுக்கு வெதநெல்ல ஊறவச்சு மொளகட்ட விடுவோம்ல, அதே கததான். பார்லிய மொளகட்டி, காயவச்சு, வறுத்து எடுக்கறது." அவன் பேசப் பேச எனக்குக் கசப்பு தெரியவில்லை. ஒவ்வொரு கிளாஸிலும் நான் ஒரு மடக்குதான் குடித்தேன். மீதியை அவன் குடித்தான், தண்ணீர் குடிப்பதைப் போல. கடைசியில் "உனக்கு?" என்று கேட்டேன். "இனிப்பு, புளிப்பு, கசப்பு நாக்குல இருக்கு. மேல ஒண்ணுமில்ல" என்றான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தோம். அப்பாவிடம் அதே டாக்டர் கதைதான்; நாங்கள் திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். ஒவ்வொரு முறையும் வேறொரு கடை. கடற்கரைப் பக்கம் ஒன்று, மொட்டைமாடியில் ஒன்று, பழைய கிடங்கு ஒன்றில் தொட்டிகளை நிறுத்திய இன்னொன்று. என் மூக்கு நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டே வந்தது. ஆசிரியர் அறையில் வைக்கிற டீ இரண்டாம் முறை கொதித்ததா என்று கிளாஸைத் தொடாமலே சொல்வேன். அவனுடையது அப்படியே இருந்தது. ஆனால் அவனுக்குள் ஒரு நம்பிக்கை முளைத்துவிட்டது. "நீ மோந்து சொல்லு, நான் காய்ச்சறேன். நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு" என்பான். நான் எப்படியடா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தொட்டியோரம் வந்து நிற்பது என்று எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

அந்தக் கிடங்குக் கடையில் தலைமைப் பொறுப்பில் இருந்தவன் தம்பியோடு பெங்களூரில் வேலை பார்த்த நண்பன். அவனுக்குக் கீழே ஓர் ஆள் தேவைப்பட்டது. "ஓனர் முன்னாடி ஒரு தடவ டேஸ்ட் பண்ணிக் காட்டு, போதும்" என்று போனில் சொன்னான். போகும் வழியில் பஸ்ஸில் நான் கேட்டேன், "நான் பக்கத்துல இருக்கேன்ல, காலால தட்டிக் காட்டவா?"

"வேணாங்க்கா. அது வேணாம். நெறத்தப் பாத்து, நொரையப் பாத்து, நாக்க வச்சு நான் சொல்லிருவேன். எத்தன வருஷ அனுபவம்."

உரிமையாளர் வயதானவர், மரியாதையாகப் பேசினார். நண்பன் எனக்கும் நாற்காலி இழுத்துப் போட்டு "உக்காருங்கக்கா" என்றான். நான்கு கிளாஸ்கள் வந்தன. முதல் மூன்றையும் தம்பி எடுத்துப் பார்த்து, சுழற்றி, முகர்ந்து, ருசித்து அழகாகச் சொன்னான். இன்ன மால்ட், இன்ன மாதிரி ஈஸ்ட், இன்னும் இரண்டு நாள் குளிரில் வைத்திருக்கலாம். உரிமையாளர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நாலாவது கிளாஸை அவன் கையில் எடுத்தபோதே எனக்கு வந்துவிட்டது. முட்டைக்கோஸை வேகவைத்து மூடி மறந்துபோன பாத்திரத்தைத் திறந்தால் அடிக்குமே, அந்த வாடை. மேசைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் அடித்தது. தம்பி கிளாஸை மூக்கருகே வைத்து, நிதானமாக மூச்சிழுத்து, ஒரு மடக்குக் குடித்தான்.

"இதுதான் நாலுலயும் பெஸ்ட். ரொம்ப சுத்தமா வந்துருக்கு" என்றான்.

நண்பன் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன். உரிமையாளர் எழுந்து, தம்பியின் தோளில் கைவைத்துவிட்டு உள்ளே போனார். தம்பி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன மச்சான்?"

"அது கீழ கொட்டறதுக்கு வச்சிருந்ததுடா" என்றான் நண்பன். "பெங்களூர்ல நடந்தத ஓனருகிட்ட யாரோ சொல்லிட்டாங்க. ஒருதடவ பாத்துரணும்னாரு. என்னால தடுக்க முடியல, மன்னிச்சுக்கடா."

தம்பி சிரிக்கப் பார்த்தான். "இல்ல, இல்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்." கிளாஸில் மீதியிருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். நான் வாங்கிக் கீழே வைக்கும்போது எங்கள் இருவர் மேலும் சிந்தியது.

திரும்பி வரும்போது, சிதம்பரம் தாண்டி, கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறும்போது கேட்டான், "அக்கா, ரொம்ப மோசமா அடிச்சுச்சா?"

"ஆமாடா."

"சரி" என்றான். அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். பக்கத்தில் போனதும் அவர் முகம் மாறியது. "ரெண்டு பேரு மேலயும் அடிக்குது" என்றார். "டாக்டரப் பாக்கப் போனதா சொன்னீங்க. பொம்பளப்புள்ளயவும் கூட்டிட்டுப் போய்க் குடிக்கிறியாடா?" தம்பி உள்ளே போய்ப் படுத்துவிட்டான். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பெங்களூர் வேலை எப்படிப் போனது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

குறுவைக்கு நாற்று விடும் சமயம் அது. மறுநாள் காலை அப்பா முளைகட்டிய விதைநெல்லை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். சாக்குக்குள் இருந்து எடுத்த சூடு இன்னும் அதில் இருந்தது. தம்பியை எழுப்பி முகத்தருகே நீட்டினார். "இது தெரியுதாய்யா? சின்னப் புள்ளையில இருந்து மோந்தது. இது தெரியாம போவாது."

தம்பி இழுத்து மூச்சு விட்டான். "தெரியுதுப்பா" என்றான்.

அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "அப்ப வந்துரும், வந்துரும்" என்றபடியே வயலுக்குப் போனார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் இல்லையென்று தலையசைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

வாசனை வரத்தான் செய்தது. வந்த விதம்தான் யாரும் கேட்காதது. ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் "அக்கா, என்ன கருகுது? ரப்பர் கருகுற மாதிரி?" என்று அடுப்படிக்கு ஓடி வந்தான். நான் காப்பி கலந்துகொண்டிருந்தேன். இருவரும் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றோம். அவன் கண்ணில் அப்படி ஓர் ஆசை. டம்ளரை வாங்கி முகர்ந்தவன், கொல்லைப்பக்கம் ஓடி வாந்தியெடுத்தான். நரம்பு தப்பும் தவறுமாக ஒட்டுகிறது, நல்ல அறிகுறிதான் என்றார் டாக்டர். எப்போது சரியாகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. வெங்காயம் வதக்கினால் சாக்கடை. சோறு கொதித்தால் செத்த எலி. அவன் எங்கிருந்தோ வரவழைத்த ஒரு பாட்டில் பீரைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே கொண்டுபோய் வாய்க்காலில் கவிழ்த்தான். அதற்கு முன் ஒன்றுமே இல்லாமல் இருந்தபோது அவனால் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவாவது முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று. தயிரும் பழமும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான்.

சம்பா அறுப்பு தொடங்கியதும் ஊரே அவனுக்கு விரோதமாகிப் போனது. மெஷின் இறங்கிய வயல்களிலிருந்து வருகிற வைக்கோல் வாசனை எந்த ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்தது. "பொணம் அழுகற மாதிரி இருக்குக்கா. ஊரு பூரா" என்றான். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு தூங்கினான். அறுப்பு முடியும் முன்பே கோயம்புத்தூரில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு கிளம்பினான்.

பீர் காய்ச்சும் எஃகுத் தொட்டிகளைச் செய்கிற பட்டறை அது. புதிதாகத் திறக்கும் கடைகளுக்குப் போய்த் தொட்டியைப் பொருத்தி, குழாய்களை இணைத்து, தண்ணீர் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவது அவன் வேலை. ஐதராபாத், புனே, கோவா என்று சுற்றுகிறான். தொழிலில் அவனை மதிக்கிறார்கள். எந்த வால்வு எங்கே இருந்தால் காய்ச்சுகிறவனுக்குக் கை எட்டும் என்று அவனுக்குத் தெரியும். "முதல் பீர் வர்ற வரைக்கும் இருந்து குடிச்சிட்டுப் போங்கன்னு எல்லாரும் கூப்பிடுவாங்கக்கா. மால்ட் மூட்டை வந்து எறங்குறதுக்குள்ள நான் கெளம்பிருவேன்" என்று ஒருமுறை சொன்னான்.

போன பொங்கலுக்கு வந்திருந்தான். பானை வைக்கும் நேரத்தில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தெருமுனைவரை போய் நின்றான். அங்கிருந்தே அப்பாவைப் பார்த்துக் கையசைத்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவனுக்கு இன்னும் தொற்றுப் பயம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தங்காமல் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான்.