சாய்த்து வைத்த கோடரி

பக்கத்துத் தெருவில் மரம் அறுக்கிறார்கள். அந்தப் பச்சை வாசனை என்னை ஜவ்வாது மலைக்கு, யுத்த காலத்துக்கு, இழுத்துப் போனது.

எங்கள் வீட்டு உத்திரம் இற்றுப்போய்க் கூரை ஒழுகியது. அப்பா அந்தியில் ஒரு வேங்கை மரத்தில் கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். விடியும்வரை அது விழாமல் நின்றால் மரம் வெட்டச் சம்மதித்ததாக அர்த்தம்.

"மரத்தாண்ட கேக்கறியே, என்னாண்ட ஒரு நாளாவது கேட்டியா?" என்று அம்மா சிரித்தாள்.

விடிந்ததும் நான்தான் முதலில் ஓடினேன். கோடரி கீழே கிடந்தது. ஈரத்தில் இருமிக்கொண்டே கிடந்த தம்பியை நினைத்து, அதைத் தூக்கி மறுபடி சாய்த்து வைத்தேன்.

பின்னால் வந்த அப்பா மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். "ஒத்துக்கினியே, தாயி!"

தம்பி பிழைத்தான். ஆனால் இன்றும் சாமி முன் கண்ணை மூடினால், அந்த மரம்தான் முதலில் வந்து நிற்கிறது.