எஸ்டேட் கேட்ல பாடின பாட்டு

இன்னைக்கு மலாக்கா பக்கம் ஆயர் குரோங்கிற ஊர்ல ஒரு கல்யாணத்துல பாடி முடிச்சு மேடையை விட்டு இறங்கினேன். ஒரு பொண்ணு ஓடி வந்து, "அம்மா, முதல் முதல்ல எங்க பாடினீங்க?"ன்னு கேட்டுச்சு.

"எஸ்டேட் கேட்ல"ன்னேன்.

வெள்ளைக்காரன் ஆட்சி. காட்டுல ஒளிஞ்சு சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரங்களை அடக்க அவன் போட்ட அவசரகாலம். அவங்களுக்குச் சோறு போகக்கூடாதுன்னு நாங்க இருந்த ரப்பர் எஸ்டேட்டைச் சுத்தி முள்வேலி. எனக்குப் பதிமூணு வயசு. மலாக்கா டவுன்ல நடந்த பாட்டுப் போட்டிக்கு அப்பா சைக்கிள்ல கூட்டிட்டுப் போனாரு.

போட்டிக்குப் பாடப் போறோம்னு சொன்னதைக் கேட்ல காவலுக்கு நின்னவரு நம்பலை. "காட்டுக்குச் சோறு கொண்டு போறீங்களா? பாடகின்னா பாடிக் காட்டு லா!"

நான் கண்ணை மூடிக் கல்யாணி ராகத்துல ஒரு பாட்டுப் பாடினேன். திறந்து பார்த்தா கேட் திறந்திருக்கு. சோதனைக்காகப் பின்னால வரிசையில நின்ன சனம் கை தட்டுது.

அன்னைக்கு முதல் பரிசு எனக்குத்தான். அப்புறம் ரேடியோ, மெட்ராஸ், சினிமான்னு எல்லாம் வந்துச்சு.

இன்னைக்குக் கல்யாண வீட்டுல ரெண்டு பாட்டு போதும்னாங்க. நாலு பாடினேன். யாரு நிறுத்துறீங்க, சொல்லுங்க லா!