தங்கச்சி ஏறிப்போன ஜீப்

மின்னி பே வண்டி அலுவலகத்தில் புகைச் சோதனை செய்தவர், "பாஸ் நஹி ஹோகா பாய், பாஸ் ஆகாது, இனிமே உடைக்கத்தான் குடுக்கணும்" என்றார். அப்பாவின் பழைய டீசல் ஜீப் விட்ட புகை மூக்கில் ஏறியதும் நான் நினைவில் கட்சால் தீவுக்குப் போய்விட்டேன்.

சுனாமிக்குப் பிறகு மேட்டில் தகரக் கொட்டகைகளில் இருந்தோம். புது பேட்டரி கப்பலில் வரும்வரை அப்பா ஜீப்பைச் சரிவில்தான் நிறுத்துவார். தங்கச்சிக்கு மூச்சிரைத்தால் கொட்டகையே திரண்டு வந்து தள்ளும். எஞ்சின் பிடித்ததும் தள்ளியவர்கள் முகமெல்லாம் கரி.

"இழுப்பைக் கொண்டுவர்றதும் இந்தப் புகைதான், டாக்டர்ட்ட கொண்டுபோறதும் இந்த ஜீப்புதான்" என்பாள் அம்மா.

"அப்ப நீ தூக்கிட்டு நட" என்பார் அப்பா.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். தன்னைக் காப்பாற்றிய வண்டியை விடாதே என்பாள் என்று நினைத்தேன்.

"குடுத்துரு அண்ணே. எம் மவனுக்கும் இழுப்பு இருக்கு" என்றாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.