பம்பு கம்பெனியில் கற்ற பஞ்சாபி

பம்பு கம்பெனியில் சர்வீஸ் போன் எடுப்பது என்றால், யார் வீட்டுப் போர்வெல்லில் தண்ணீர் வராவிட்டாலும் நாம் திட்டு வாங்குவது என்று அர்த்தம். திட்டு தெரிந்த மொழியில் வந்தால் ஏதாவது சமாதானம் சொல்லலாம். தெரியாத மொழியில் வந்தால், எதிராளி திட்டுகிறாரா நலம் விசாரிக்கிறாரா என்றே தெரியாமல் "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வேற்று மொழிப் போனைக் காதில் வைத்துக்கொண்டு விழிக்கிற என் இனத்தாரே, உங்கள் ஆறுதலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகு பஞ்சாபி படிக்க உட்கார்ந்தவள் நான்.

பக்கத்து ஊர்

போத்தனூர் பக்கம் இருக்கிறது எங்கள் கம்பெனி. போர்வெல்லுக்குள் இறக்குகிற மோட்டார்தான் எங்கள் சரக்கு. ஈரோடு, தாராபுரம் என்று விற்றுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று பஞ்சாபில் டீலர் பிடித்துவிட்டார்கள். மோட்டார் போன வேகத்தில் போனும் வர ஆரம்பித்தது. நான் எடுப்பேன், அந்தப் பக்கம் ஒருவர் மூச்சு விடாமல் பேசுவார், நான் வைத்துவிடுவேன். இந்த விஷயம் முதலாளி காதுக்குப் போய்விட்டது.

கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி வரவழைத்துக் கொடுத்தார். காப்பி கொடுத்ததுமே எனக்குத் திக்கென்றது. "அம்மணி, உங்களுக்கு ஹிந்தி வருமுங்களா?" என்றார். சீரியல் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் புரியும் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஹிந்தியும் தெரியாத, பஞ்சாபியும் தெரியாத அந்த நல்ல மனிதர் சொன்னார்: "அப்பறம் என்னங்க? ஹிந்திக்கும் பஞ்சாபிக்கும் இங்கிருந்து மதுக்கரை போற தூரந்தானுங்க. வெரசாப் போயிரலாம்."

மோட்டார் மேல் உட்கார்ந்தவர்

போனில் வீடியோ பார்த்துப் பாடம் படித்தேன். நான் அப்பா, நீ அம்மா, இது புத்தகம் என்கிற அளவுக்கு வந்ததும் தைரியமாக ஒரு போனை எடுத்தேன். பேசியவர் வயதான விவசாயி. எங்கே இருக்கிறீர்கள் என்று, வீடியோவில் படித்தபடியே கேட்டேன். "மோட்டர் தே பைட்டாங்" என்றார். 'தே' என்றால் மேல், 'பைட்டாங்' என்றால் உட்கார்ந்திருக்கிறேன். மோட்டார் மேல் உட்கார்ந்திருக்கிறார்!

கரண்டு விஷயமாயிற்றே. "எந்திரிங்க, எந்திரிங்க, மொதல்ல எந்திரிங்க" என்று எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் வயலில் போர்வெல் இருக்கும் இடத்துக்கே பெயர் 'மோட்டர்'தான். அங்கே ஒரு சின்ன அறை, மர நிழல், ஒரு கயிற்றுக் கட்டில் எல்லாம் இருக்கும். நாம் தோட்டத்தில் இருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி அவர்கள் மோட்டரில் இருக்கிறேன் என்பார்கள். பெரியவர் பாவம், நான் போட்ட சத்தத்தில் கட்டிலை விட்டு எழுந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவர் பொறுமையாகக் கேட்டதை அப்படியே தமிழில் தருகிறேன்: "எந்திரிச்சுட்டேன் மகளே. இப்ப எங்க போய் உக்காரட்டும்?"

தூ

பஞ்சாபியில் 'நீ' என்பதற்கு 'தூ' என்று பெயர். இதை வைத்துக்கொண்டு கோயமுத்தூரில் எப்படிக் குடித்தனம் நடத்துவது? மரியாதைக்கு 'துஸீ' என்று வேறொன்று இருக்கிறது. ஆனால் வீடியோக்காரர் முதல் பாடத்தில் 'தூ'வைத்தான் சொல்லிக்கொடுத்தார். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பழகினேன். தூ எங்கே? தூ என்ன செய்கிறாய்? தூ ஏன் வரவில்லை? குரலை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்று வீடியோவில் சொன்னதால் அப்படியே உயர்த்திச் சொன்னேன்.

மில் வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு விஜயாக்கா காம்பவுண்டு சுவருக்கு மேல் தலையை நீட்டி, "இன்னைக்கி நீங்க வேற எங்கயாச்சும் சாப்புட்டுக்கறது நல்லதுங்க தம்பி" என்று அவருக்கு ரகசியமாக யோசனை சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரரோ செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக் கதவோரம் வந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, வைய்யறதுன்னா தமிழ்லயே வைஞ்சு போடுங்க. துப்பறது மட்டும் வேண்டாங்க."

தள்ளு தள்ளு

இந்தச் சமயத்தில் லூதியானாவிலிருந்து ஹர்ஜீத் என்ற மெக்கானிக் எங்கள் கம்பெனிக்குப் பயிற்சிக்கு வந்தார். வாட்டசாட்டமான ஆள், ஆனால் கேன்டீன் ரசத்துக்குக் கண் கலங்குவார். பஞ்சாபியில் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு 'ஜி' போடுவார்கள்; 'ஆமாம்' என்பதுகூட 'ஹாஞ்சி'தான். இங்கே வந்ததும் நம் 'ங்க'வையும் பிடித்துக்கொண்டு "ஹாஞ்சிங்க, ஹாஞ்சிங்க" என்று இரண்டு ஊர் மரியாதையையும் ஒட்டுக்காகப் போட்டார். எனக்கு உச்சரிப்பு திருத்துகிற வேலையும் அவர் தலையில் விழுந்தது.

ஒரு நாள் டெஸ்டிங் தொட்டியில் மோட்டாரை இறக்குகிறார்கள். செயின் பிளாக்கில் மோட்டார் தொங்குகிறது. செயினைப் பிடித்திருந்தவர் பொன்னுசாமி அண்ணன். மோட்டாரை வழிகாட்டி இறக்க, தொட்டி விளிம்பில் ஹர்ஜீத். அவர் கையைக் காட்டி "தல்லே, தல்லே" என்றார். அவர் மொழியில் 'கீழே, கீழே' என்று அர்த்தம். அண்ணன் காதில் என்ன விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செயினை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் மோட்டாரை ஒரு தள்ளு தள்ளினார். அது ஊஞ்சல் மாதிரி ஹர்ஜீத்தை நோக்கிப் போனது. "தல்லே! தல்லே!" என்று அவர் அலற அலற, அண்ணன் இன்னும் பலமாகத் தள்ளினார்.

நான் என் மேஜையோரத்து ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "அண்ணா, கீழ விடுங்க, கீழ!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அதற்குள் ஹர்ஜீத் வேறு வழியில்லாமல் தொட்டிக்குள் குதித்துவிட்டார். நல்லவேளை, நெஞ்சளவு தண்ணீர், ஒரு சிராய்ப்புகூட இல்லை. தலைப்பாகை நனையாமல் காப்பாற்றியதில் அவருக்குப் பெருமை. மேலே ஏறி வந்தவரிடம் தமிழ் 'தள்ளு'வின் அர்த்தத்தைச் சொன்னதும் அவரே உட்கார்ந்து சிரித்தார். அண்ணனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "தள்ளு தள்ளுன்னு சொல்லிப்போட்டு, தள்றப்ப எதுக்குங்க அவரு கொளத்துல குதிக்கறாரு?"

22 ஜி

இது என் தவறா, பஞ்சாபியின் தவறா என்று நீங்களே சொல்லுங்கள். பட்டிண்டா பக்கத்து டீலர் பல்விந்தரிடமிருந்து கம்பெனி வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி. ஆங்கில எழுத்தில் "22 ஜி, 5 ஹெச்பி மோட்டர் சீக்கிரம் அனுப்புங்க" என்ற அளவில் பஞ்சாபி. எனக்கு வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. ஓடிப்போய் டிஸ்பாட்ச் கந்தசாமி அண்ணனிடம் சொன்னேன். பெரிய ஆர்டர் என்று அவருக்கும் சந்தோஷம். மத்தியானத்துக்குள் இருபத்திரண்டு மோட்டாரும் பேக் ஆகி லாரியில் ஏறிவிட்டன.

எதற்கும் ஒரு தடவை உறுதி செய்துகொள்வோம் என்று பல்விந்தருக்கு நானே போன் செய்தேன். இருபத்திரண்டுக்குப் பஞ்சாபியில் 'பாயீ'. "பாயீ மோட்டர் லோட்!" என்றேன். "ஹாஞ்சி பாயீ, மோட்டர் லோட், வதியா, வதியா" என்று அவரும் ரொம்பப் பிரமாதம் என்றார். இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்?

லாரி கிளம்பும் முன் பில்லைப் படம் எடுத்து அனுப்பியதும்தான் அங்கிருந்து அலறல் வந்தது. ஹர்ஜீத்தைக் கூப்பிட்டுப் பேசவைத்தோம். அவர் பேசிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பக்கத்தில் அண்ணனையும் 'பாயீ' என்றுதான் கூப்பிடுவார்களாம். இரண்டும் ஒரே சத்தம் என்பதால் செய்தி அனுப்பும்போது அண்ணனுக்குப் பதில் 22 என்று எண்ணிலேயே எழுதிவிடுவார்களாம். பல்விந்தர் எழுதியது, 'அண்ணா, ஒரு மோட்டார் அனுப்புங்க.' நான் போனில் சொன்னது, 'அண்ணா, மோட்டார் ஏத்தியாச்சு.' மீதி இருபத்தொன்றும் இறங்கின. வியர்வையில் நனைந்த சட்டையைப் பிழிந்து போட்டுக்கொண்ட கந்தசாமி அண்ணன் கோபப்படவில்லை, கெஞ்சினார்: "அம்மணி, இனிமே யாராச்சும் உங்களை அண்ணான்னு கூப்புட்டா எங்கிட்ட வந்து சொல்லாதீங்க. எறக்கி வெக்க எனக்குத் தெம்பு இல்லீங்க."

குதிரை

பல்விந்தர் என்னை மன்னித்துவிட்டார் என்பதற்குச் சாட்சி, மகன் கல்யாணத்துக்குப் போன் செய்து கூப்பிட்டது. அங்கே மாப்பிள்ளை குதிரை மேல் வருவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதை வைத்து நாலு வார்த்தை பேசுவோம் என்று ஆசை. குதிரைக்குக் 'கோடா' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் எழுத்தில் குரலைக் கிணற்றுக்குள் இறக்குகிற மாதிரி இறக்க வேண்டும். இறக்காமல் தட்டையாகச் சொன்னால் அதே 'கோடா' சாட்டை ஆகிவிடும். ஹர்ஜீத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. நமக்கு இருப்பதோ ஒரே ஒரு 'க'. அதை எங்கே இறக்குவது, எங்கே ஏற்றுவது?

"பையன் கோடா மேல வருவாரா?" என்று வாழ்த்துகிற குரலில் கேட்டேன். தட்டையாகத்தான் கேட்டிருக்கிறேன். பல்விந்தர் சொன்னார்: "வர்றது குதிரை மேலதான்ஜி. சாட்டை எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம்."

தண்ணீர்

ஹர்ஜீத் ஊருக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு வந்த ஒரு போனை நான் இன்னும் மறக்கவில்லை. குர்மீத் என்ற பெண், ஐம்பதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்காரர் காலமாகி அவரே பயிர் வைக்கிற முதல் போகம். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, தண்ணீர் ஒழுகுகிற மாதிரிதான் வருகிறது. ஊரில் எல்லோரும் மோட்டார் போய்விட்டது, வெளியே எடு, புதுசு வாங்கு என்கிறார்கள். நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. "பனீரி காய்ஞ்சு போகுது, பனீரி காய்ஞ்சு போகுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த நேரத்தில் பனீருக்கு எதற்கு இந்த அம்மா அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஜோனா என்ற சொல் வந்தபோதுதான் பொறி தட்டியது. ஜோனா என்றால் நெல். பனீரி என்றால் நாற்று. அழாமல் என்ன செய்வார்?

எங்கள் சர்வீஸ் இன்ஜினியர் செந்திலைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். "அங்க லைன் வேலை எதாச்சும் பாத்தாங்களான்னு கேளுங்க" என்றார். கேட்டேன். டிரான்ஸ்பார்மர் மாற்றினார்களாம், அதிலிருந்துதான் இப்படியாம். செந்தில் மேஜையைத் தட்டினார். கரண்டின் பேஸ் வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது, இரண்டு வயரை மாற்றிப் போட்டால் சரி, வேறு ஒன்றும் இல்லை. இதை எப்படிச் சொல்வது? தலைகீழுக்கு எனக்குத் தெரிந்த சொல் 'உல்ட்டி'. "மோட்டர் உல்ட்டி, மோட்டர் உல்ட்டி" என்றேன். அங்கே உல்ட்டி என்றால் முதலில் வாந்திதான் ஞாபகத்துக்கு வரும். அவ்வளவு துயரத்திலும் அந்த அம்மா கோபமாகக் கேட்டார்: "எங்க வாந்தி எடுக்குது? எடுத்திருந்தாத்தான் தண்ணி வந்திருக்குமே!"

வீடியோ காலில் வரச் சொல்லி, ஒரு விரலை இந்தப் பக்கம் சுற்றி, அந்தப் பக்கம் சுற்றிக் காட்டினேன். புரிந்துகொண்டார். உள்ளூர் எலக்ட்ரீசியனை அழைத்துவந்தார். மெயினை அணைத்துவிட்டு வயர் மாற்றுகிற வரைக்கும் செந்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன், காரமடை ரங்கநாதரிலிருந்து ஆரம்பித்து. சுவிட்சைப் போட்டார்கள். குழாய் ஒரு தடவை செருமியது. அப்புறம் மொத்தமாகக் கொட்டியது. வீடியோவில் முதலில் தண்ணீர், பிறகு கலங்கலாக அந்த அம்மாவின் முகம். அது தண்ணீர் தெறித்ததா, அழுகையா என்று தெரியவில்லை. எனக்கும் கண் சரியாகத் தெரியவில்லை. செந்தில் அந்தப் பக்கம் திரும்பி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏசி அதிகமாக இருக்கிறது என்று யாரையோ குறை சொன்னார்.

குர்மீத் அம்மா துப்பட்டாவால் போனைத் துடைத்து, என் முகத்தை நன்றாகப் பார்த்தார். வாழ்த்துவார் என்று கையைக் கூப்பத் தயாரானேன். அவர் சொன்னது: "மகளே, உனக்குப் பஞ்சாபி சுத்தமா வராது. ஆனா நெல்லு வாடுதுன்னா உனக்குப் புரியுது, மத்ததை மெதுவாப் படிச்சுக்க."

புது மொழி கற்க நல்ல வழி எது என்று இப்போதெல்லாம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த மொழிக்காரர் ஒருவருக்கு ஒரு பம்பை விற்றுவிடுங்கள், அப்புறம் அவரே தினமும் போன் செய்து சொல்லிக்கொடுப்பார்.