ஆட்டை விற்றதாகச் சொன்ன பொய்

பவுலின் என்ற டாக்டரம்மா திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்தது 1993 ஜூன். விழுப்புரத்தில் ஓய்வு பெற்றது 2014 மே. இடைப்பட்ட காலத்தில் பாம்புக்கடி என்று யாரைக் கொண்டுவந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. விஷத்தால் அசைவற்றுக் கிடப்பவர்களின் பக்கத்தில் யாரும் அழக்கூடாது. வீட்டுச் சங்கதி எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். விழுப்புரத்தில் புதிய கருவிகள் வந்த பிறகும் அதை அவர் விடவில்லை. அது தொடங்கியது திண்டிவனத்தில், நான் பதிவேட்டுப் பிரிவில் இருந்த சிறிய மருத்துவமனையில்.

1994 கார்த்திகை. விக்கிரவாண்டிக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து வீரம்மாளை வேனில் கொண்டுவந்தார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவருக்கு ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். இமை தொங்கி, பேச்சுக் குழறிய பிறகுதான் பயம் வந்திருக்கிறது. உடம்பில் கடித்த தடம் இல்லை.

"தரையிலதானே படுத்திருந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமாங்க," என்றார் கணவர் பாண்டுரங்கன்.

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியும் தெரியாது, தடமும் தெரியாது. விஷமுறிவு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. டாக்டர் தொண்டையில் குழாயைச் செலுத்தினார். சுவாசக் கருவி எங்களிடம் இல்லை. ரப்பர் பையைக் கையால் அமுக்கித்தான் காற்றுக் கொடுக்க வேண்டும். நர்சுகளும் நானும் முறைவைத்து அமுக்கினோம்.

மறுநாளும் அசைவில்லை. பாண்டுரங்கனின் அண்ணன் சின்னக்கண்ணு வாசலில் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். எங்கள் பக்கத்தில் உயிர் வீட்டில்தான் போக வேண்டும் என்பார்கள்.

"டாக்டரம்மா, மூச்சு இருக்கறப்பவே வூட்டுக்குத் தூக்கினு போயிடறோம். இங்க போச்சுன்னா அறுத்துப்புடுவாங்க."

"பையை வுட்டா வண்டியில ஏத்தறதுக்குள்ளயே போயிடும். அவங்க சாகலீங்க. நீங்க பேசறது அத்தினியும் கேட்டுக்கினு இருக்காங்க."

"கண்ணே தொறக்கல, காது கேக்குதாமா! நேத்துலேர்ந்து காத்தடிச்சிக்கினு இருக்கீங்களே, அவ என்னா சைக்கிள் டியூப்பா?"

டாக்டர் கோபப்படவில்லை. பாண்டுரங்கனைக் கட்டிலருகே உட்காரவைத்தார்.

"விஷம் உடம்பத்தான் கட்டிப்போட்டிருக்கு, மூளையத் தொடல. அவங்களுக்குக் கோவம் வர்ற மாதிரி எதுனா சொல்லுங்க."

பாண்டுரங்கன் யோசித்தார். பிறகு மனைவியின் காதருகே குனிந்தார். "ஏம்மே, உன் கறுப்பாட்ட வித்துட்டேன். என் தங்கச்சிக்குத்தான் குடுத்தேன்."

வீரம்மாளின் வலது கால் பெருவிரல் அசைந்தது. மிகச் சிறிய அசைவு. டாக்டர் போர்வையை முழங்கால்வரை விலக்கினார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னார். மறுபடியும் அசைந்தது.

சின்னக்கண்ணு வெளியே போனார். வேனை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, பையை எப்படிப் பிடித்து அமுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். அன்று எங்களைவிட அதிக நேரம் அமுக்கியவர் அவர்தான்.

அடுத்த நாள் இமைகள் பாதி திறந்தன. அதன்பின் தலையைத் தூக்கினார். தானாக மூச்சு விட்டார். குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் வீரம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"கறுப்பாடு எங்க?"

"வூட்லதாம்மே இருக்குது. பொய் சொன்னேன்," என்று சொல்லிப் பாண்டுரங்கன் அழுதார். அந்த அழுகையை டாக்டர் தடுக்கவில்லை.

வீரம்மாள் மெல்லத் தலையைத் திருப்பிக் கணவரின் அண்ணனைப் பார்த்தார்.

"ஏன் மாமா, நானு சைக்கிள் டியூப்பா?"

சின்னக்கண்ணு டீ வாங்கி வருவதாகச் சொல்லி நழுவினார். வரும்போது வார்டு முழுவதற்கும் வாங்கி வந்திருந்தார்.